டி.ஏ. பாலிஷரில் பேட் சுழலாமல் நிற்பது ஏன், எந்த மாற்றங்களைச் செய்யலாம்?

காரின் பெயிண்டிலுள்ள கீறல்களைப் போக்க, 15 மி.மீ. வீச்சுள்ள டி.ஏ. பாலிஷர் (பேட் வட்டமாக அலைந்துகொண்டே தன்னைத்தானே சுற்றும் இரட்டை இயக்க எந்திரம்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பானெட்டிலும் கூரையிலும் நன்றாக வேலை செய்யும் அந்த எந்திரம், கதவின் மடிப்புகளுக்கும் ஃபெண்டரின் வளைவுகளுக்கும் வந்தவுடன் பேட் (பெயிண்டைத் தேய்க்கும் பஞ்சு வட்டு) சுழலாமல் வெறுமனே அதிர்கிறது என்றும், வட்டக் கீறல்கள் அங்கே அப்படியே இருக்கின்றன என்றும், சிறிது நேரத்திலேயே கை மரத்துப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேட்டைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டிலில் வாஷர் வைப்பது, எந்திரத்தின் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தை வெட்டிவிடுவது, பேட்டை ஒட்டிப் பிடிக்கும் தட்டான பேக்கிங் பிளேட்டைச் சிறிதாக மாட்டுவது ஆகிய மூன்றில் எதைச் செய்யலாம், கையில் ஏற்கெனவே உள்ள மரவேலை சாண்டரையே பாலிஷராக மாற்றிக்கொள்ள முடியாதா என்பவை உங்கள் கேள்விகள். வாஷர் வைக்கலாம், பிளேட்டை எடை பார்த்து மாற்றலாம், ரப்பர் வளையத்தை வெட்ட வேண்டாம், சாண்டரை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எந்திரம் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அது தெரிந்துவிட்டால் எந்த மாற்றம் பயன் தரும், எது எந்திரத்தைக் கெடுக்கும் என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

ரோட்டரி பாலிஷரில் பேட் மோட்டாரின் அச்சோடு நேராகப் பிணைந்திருப்பதால், மோட்டார் சுழலும்வரை பேட்டும் சுழன்றே தீரும். டி.ஏ. பாலிஷரில் பேட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் மோட்டாரின் அச்சிலிருந்து சற்று விலகி, தனக்கென்று உள்ள ஒரு பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. வீச்சு 15 மி.மீ. என்றால் விலகல் 7.5 மி.மீ.; அதாவது ஸ்பிண்டிலின் மையம் 15 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு வட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வட்ட அசைவை மோட்டார் நேரடியாகத் தள்ளுகிறது, ஆகவே அது நிற்பதில்லை. ஆனால் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் தற்சுழற்சியை எதுவும் நேரடியாக இயக்குவதில்லை. பேரிங்கின் சிறு இழுவையும், விலகிய மையத்தைச் சுற்றி எறியப்படும் பேட்டின் உந்தமும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. இவ்வளவு மெல்லிய விசையால் நடக்கும் சுழற்சி என்பதால், பேட்டின் ஒரு பக்கம் மட்டும் வளைவில் அழுந்தினாலோ, கை சற்றுக் கூடுதலாக அழுத்தினாலோ, பிளேட் எங்காவது உரசினாலோ அது நின்றுவிடும். பல்சக்கரத்தின் வழியாகத் தற்சுழற்சியையும் கட்டாயப்படுத்தும் எந்திரங்கள் தனி வகை, 8 மி.மீ. வீச்சுள்ள ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 அவற்றில் பலரும் அறிந்தது. உங்களுடையது அந்த வகை அல்ல, எனவே சுழற்சியை இழக்காமல் காப்பது முழுவதும் உங்கள் பொறுப்பு.

தற்சுழற்சி நின்றாலும் வட்ட அசைவு தொடர்கிறதே, பிறகு ஏன் கீறல் போகவில்லை என்ற ஐயம் எழும். கணக்கு இப்படிப் போகிறது: 15 மி.மீ. வட்டத்தை நிமிடத்துக்கு 4,500 முறை சுற்றினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர். 8 மி.மீ. எந்திரம் 6,000 முறை சுற்றும்போது 2.5 மீட்டர், 21 மி.மீ. எந்திரம் 4,200 முறை சுற்றும்போது 4.6 மீட்டர். காகிதத்தில் இது போதுமான வேகம்தான். ஆனால் இது பிளேட்டின் வேகம், பெயிண்டைத் தொடும் பஞ்சின் வேகம் அல்ல. அழுத்தம் கூடிப் பேட் நின்றுபோகும்போது பஞ்சின் அடிப்பகுதி பெயிண்டில் ஒட்டிக்கொள்ள, மேற்பகுதி மட்டும் பிளேட்டோடு சேர்ந்து அலைகிறது. எந்திரத்தின் உழைப்பு பஞ்சை முன்னும் பின்னும் வளைப்பதிலும் அதைச் சூடாக்குவதிலும் கரைந்துபோகிறது. தற்சுழற்சி இருக்கும்போது பேட்டின் முகம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருப்பதோடு, 125 மி.மீ. பேட் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் அதன் விளிம்பில் மட்டும் நொடிக்கு 2 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. கீறலை அழிக்கும் திறன் இந்த இரண்டின் கூட்டில் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் பிளேட்டின் பக்கவாட்டில் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் உடனே தெரியும். தொழில்முறையில் வேலை செய்பவர்களும் இந்தக் கோட்டைப் பார்த்தே கையைத் திருத்திக்கொள்கிறார்கள். அடுத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பிளேட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரவென்ற உணர்வோ, மணல் அரைபடுவது போன்ற ஒலியோ, பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். அதை மாற்றாமல் வேறு எந்த மாற்றம் செய்தும் பயனில்லை. பேரிங் மென்மையாகச் சுற்றுகிறது, ஆனால் பிளேட்டின் மேல்முகம் எந்திரத்தின் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தை உரசிக்கொண்டு போகிறது என்றால், நீங்கள் கேட்ட வாஷருக்கு அங்கேதான் வேலை.

ஆனால் அதற்கும் முன்னால் கையின் பழக்கத்தைச் சரிபார்க்கச் சொல்வேன், ஏனெனில் பேட் நிற்பதாக வரும் புகார்களில் பெரும்பகுதி எந்திரத்தின் குறையே அல்ல. பேட் பெயிண்டின் மீது முழுவதும் தட்டையாகப் படிய வேண்டும். கதவின் மடிப்பைத் தாண்டும்போது எந்திரத்தின் தலையும் அந்த மடிப்பின் சாய்வுக்கேற்பத் திரும்ப வேண்டும். தலை ஒரே கோணத்தில் இருந்தால் பேட்டின் ஓர் ஓரம் மட்டும் அழுந்தி, அதுவே பிரேக் ஆகிவிடும். கைப்பிடியில் தொங்கியபடி அழுத்துவதும் இதே கேட்டைச் செய்கிறது. அழுத்தம் பேட்டின் மையத்துக்கு நேர்மேலே இறங்க வேண்டும். 15 மி.மீ. எந்திரத்துக்கு அதன் சொந்த எடையோடு கையின் எடையை இளைப்பாற விட்டாலே பெரும்பாலும் போதுமானது. வளைவுகளில் அந்த அழுத்தத்தையும் குறைத்து, வேகத்தை ஒரு படி கூட்டி, கையின் நகர்வை மெதுவாக்குங்கள்: நொடிக்கு இரண்டு முதல் மூன்று செ.மீ. வரை போதும். அவசரமாகத் தேய்த்து ஆறு சுற்று போவதைவிட மெதுவாக நான்கு சுற்று போவது அதிகம் வெட்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் கோடு நின்றால் எந்திரத்தைத் திறக்கலாம்.

வாஷர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரப்பர் வளையம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பாலிஷரைப் பெயிண்டிலிருந்து தூக்கும்போது எதிர்ப்பு இல்லாததால் பேட் சுழன்று சுழன்று மிகுந்த வேகத்துக்குப் போய்விடும். அப்போது பேட்டிலுள்ள காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசை நாலா பக்கமும் தெறிக்கும், மீண்டும் பெயிண்டில் வைக்கும் கணத்தில் அது எந்திரத்தைக் கையிலிருந்து உதறும், பேட்டின் ஓரம் எங்காவது பட்டால் பெயிண்ட் கருகும். இதைத் தடுக்கவே பிளேட்டை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும்படி ரப்பரை வைத்திருக்கிறார்கள். ஆனால் சில எந்திரங்களில் அந்தத் தொடுகை தேவைக்கு அதிகமாக இருந்து, வேலை நடக்கும்போதும் பிளேட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிளேட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே ஒரு மெல்லிய வாஷர் வைத்தால் பிளேட் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, உரசல் குறைகிறது. வளையத்தை வெட்டுவதைவிட இது மேலானது என்று நான் கருதுவதற்குக் காரணம், வாஷரைக் கழற்றினால் எந்திரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதே. வெட்டிய ரப்பர் திரும்ப வராது; பிரேக்கும் அடியோடு போய்விடும்; தூசியும் காம்பவுண்ட் துகள்களும் பேரிங்கை நோக்கிப் போகும் வழியும் திறந்துவிடும்.

எந்த வாஷர் என்பதில் கவனம் தேவை. தட்டையான எஃகு வாஷராக, இருபுறமும் பிசிறில்லாததாக, ஒரே சீரான தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் கூடவே கூடாது. அது பிளேட்டை ஒருபுறம் சாய்த்துவிடும், சாய்ந்த பிளேட் பேட்டைத் தள்ளாட வைக்கும். வாஷரின் வெளிவிட்டம் ஸ்பிண்டிலின் தோளுக்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டிப் பேரிங்கின் வெளிவளையத்தையோ அதைத் தாங்கும் உடலையோ தொட்டால், ரப்பர் செய்த தடையை இப்போது இரும்பு செய்யும். தடிமனை அரை மி.மீ. அளவிலிருந்து தொடங்கிப் பாருங்கள், ஒரே தாவலில் இரண்டு மூன்று வாஷர்களை அடுக்க வேண்டாம். வாஷர் தடிமனாக ஆக, திருகு உள்ளே பிடிக்கும் நீளம் குறைகிறது. எஃகில் எஃகு பிடிக்கும் இடத்தில் திருகின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது மரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, 8 மி.மீ. திருகு என்றால் 8 மி.மீ. ஆழம். இதற்குக் குறைந்தால் அந்த வாஷரைக் கைவிடுங்கள், அல்லது அதே மரையுள்ள நீளமான, உயர்தர போல்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள். மரை அளவு எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடும். பல டி.ஏ. பாலிஷர்களில் எம்8 மரையும், வேறு பலவற்றில் அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்ட 5/16 அங்குல மரையும் உண்டு. இவை இரண்டும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும். அங்கே பலம் கொடுத்துத் திருகினால் ஸ்பிண்டிலின் மரை அழிந்துவிடும். வாஷர் வைத்த பிறகு பேட் பெயிண்டைத் தொட்டபடி இருக்கும்போதுதான் எந்திரத்தை இயக்கவும் நிறுத்தவும் வேண்டும். இந்த ஒழுங்கு கையில் படியாதவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

பிளேட்டைச் சிறிதாக்குவது எனக்கு வாஷரைவிட அதிகம் பிடித்த மாற்றம். 150 மி.மீ. பிளேட்டை எடுத்துவிட்டு 125 மி.மீ. பிளேட்டையும் அதற்குரிய பேட்டையும் போட்டால், அதே கையழுத்தம் சுமார் 30 விழுக்காடு குறைந்த பரப்பில் இறங்குவதால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 44 விழுக்காடு கூடுகிறது. அதே சமயம் சுழற்சியைத் தடுக்கும் உராய்வின் முறுக்கம் ஆரத்தைப் பொறுத்தது என்பதால் அது ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆக, வெட்டும் திறன் கூடுகிறது, நின்றுபோகும் போக்கு குறைகிறது, மடிப்புகளுக்குள்ளும் பேட் தட்டையாகப் படிகிறது. பெரிய கூரையில் நேரம் கூடுதலாகும் என்பது மட்டுமே இழப்பு. நீங்கள் சொன்ன கதவு, ஃபெண்டர் சிக்கலுக்கு இதுவே பொருத்தமான மருந்து. இன்னும் குறுகிய இடங்களுக்கு, கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூண்களுக்கு, 75 மி.மீ. பேட் ஓடும் தனிச் சிறிய எந்திரத்தை வைத்துக்கொள்வது நல்லது. பெரிய எந்திரத்தில் 75 மி.மீ. பிளேட்டை மாட்டினால் என்ன ஆகும் என்பது எடையைப் பற்றிப் பேசும்போது புரியும்.

உங்கள் கை மரத்துப்போவதற்கான காரணமும் எடையிலேயே இருக்கலாம். விலகிய அச்சில் ஓடும் பிளேட்டும் பேட்டும் ஒருபுறம் இழுப்பதைச் சமன் செய்ய, எதிர்ப்புறத்தில் கவுண்டர் வெயிட் என்ற இரும்புத் துண்டு இருக்கிறது. அது குறிப்பிட்ட பிளேட், குறிப்பிட்ட பேட் இரண்டின் எடைக்காகக் கணக்கிடப்பட்டது. 15 மி.மீ. எந்திரம் 4,500 சுற்றில் ஓடும்போது இந்த எடையில் 50 கிராம் வேறுபாடு வந்தால், சமன் ஆகாமல் மிஞ்சும் விசை ஏறத்தாழ 83 நியூட்டன். எட்டரை கிலோ எடைக்கு நிகரான இழுப்பு நொடிக்கு 75 முறை திசை மாறி உங்கள் கையை உலுக்குகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால், குறைந்த வேகத்தில் அமைதியாக ஓடும் எந்திரம் வேகத் திருகியின் ஆறாம் எண்ணில் கையைக் கடிக்கிறது. கை அதிர்வைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 2.5 மீ/வி² அளவைத் தாண்டினால் நடவடிக்கை தேவை என்றும், 5 மீ/வி² அளவைத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. இதற்குமேல் நீண்ட காலம் அதிர்வைத் தாங்கும் விரல்களில் இரத்த ஓட்டமும் நரம்புணர்வும் பாதிக்கப்படும். ஆகவே கை மரத்துப்போவதைப் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. எந்திரத்தோடு வந்த பிளேட்டையும் அதனுடன் வந்த பேட்டையும் சமையலறைத் தராசில் நிறுத்தி எடையைக் குறித்துவையுங்கள். இனி வாங்கும் எந்த பிளேட், பேட் ஜோடியும் அந்த எடைக்கு அருகில் இருக்கட்டும். 125 மி.மீ. பிளேட் பழையதைவிட இலகுவாக இருந்தால், சற்றே கனமான மைக்ரோஃபைபர் பேட்டோடு அதைச் சேர்க்கலாம். காம்பவுண்டை ஊற்றி ஊற்றிக் குடிக்கவைத்த பஞ்சு பேட் காய்ந்த நிலையில் இருந்ததைவிடக் கணிசமாகக் கனக்கும். வேலை நடக்க நடக்க அதிர்வு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம், ஆகவே காருக்கு ஒரு பேட் என்று இல்லாமல் நான்கைந்து பேட்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். சில எந்திரங்களோடு சிறிய பிளேட்டுக்கு ஒன்று, பெரிய பிளேட்டுக்கு ஒன்று என்று இரண்டு கவுண்டர் வெயிட்கள் வரும். உங்களுடையது அப்படிப்பட்டதென்றால் பிளேட்டை மாற்றும்போது அதையும் மாற்றுங்கள். அப்படி இல்லாத எந்திரத்தில் கவுண்டர் வெயிட்டைத் துளையிட்டுக் குறைப்பதையோ, அதில் எதையாவது ஒட்டிக் கனம் ஏற்றுவதையோ நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும் ஓர் இரும்பில் ஒட்டிய துண்டு கழன்று பறந்தால் அது கார்க் கண்ணாடியையும் உடைக்கும், கண்ணையும் எடுக்கும். துளையிட்டது அளவில் தவறினால் மோட்டாரின் பேரிங்குகள் விரைவில் அழியும். 75 மி.மீ. பிளேட்டைப் பெரிய எந்திரத்தில் மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான்: எடை வேறுபாடு மிகுதி, அதைச் சமன் செய்ய வழியில்லை.

பேட் தேர்வும் ஒருவகையில் எந்திர மாற்றமே. தடிமனான மென்பஞ்சு வட்ட அசைவைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும் என்று முன்பு சொன்னேன், 8 மி.மீ. எந்திரத்தில் 30 மி.மீ. தடிமனுள்ள பஞ்சைப் போட்டால் அசைவில் பெரும்பகுதி பெயிண்டை எட்டுவதே இல்லை. மெல்லிய, விறைப்பான பேட் அசைவை உள்ளபடி கடத்தும், நிற்பதும் குறையும். நடுவில் துளையுள்ள பேட் நல்ல தேர்வு, ஏனெனில் டி.ஏ. பேட்டில் வெப்பம் மையத்திலேயே தேங்கி, பேட்டைப் பிளேட்டோடு ஒட்டும் முள்துணியின் பசையை அங்கேதான் முதலில் இளக வைக்கிறது.

மின்பகுதியில் நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஒன்றே, அதுவும் தேய்ந்தால் அதே அளவில் மாற்றுவதற்காக. எந்திரத்திலேயே மின்னணு வேகக் கட்டுப்பாடு இருக்கும்போது வெளியே இன்னொரு ரெகுலேட்டரை இணைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி மோட்டாரைக் கெடுக்கும். நீட்டிப்பு வயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய நீண்ட வயரில் மின்னழுத்தம் சரிந்து, சுமை ஏறும்போது வேகமும் சரியும். ஈரமான தரையில் வேலை செய்பவர்கள் மின்கசிவைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ள இணைப்பில்தான் எந்திரத்தை மாட்ட வேண்டும்.

இந்த மாற்றங்கள் பலித்தால் எந்திரம் முன்பைவிட வேகமாக வெட்டும் என்பதை மறக்கக் கூடாது. தொழிற்சாலை பெயிண்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை. அதில் மேலே இருக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் அளவே. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் படலம்தான், அதை எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. பெயிண்ட் தடிமன் அளவி உலோகத்தின் மீதுள்ள எல்லா அடுக்குகளின் மொத்தத்தையே காட்டுகிறது, கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆனால் பக்கத்துப் பகுதிகளைவிட ஒரு கதவு மட்டும் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ காட்டினால், அது முன்பே தேய்க்கப்பட்டது அல்லது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று உணர்த்தும், அந்த அளவில் அது பெரும் உதவி. சாதாரண அளவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்தாததால் அங்கே பெயிண்ட் விரைவில் சூடாகவும் செய்யும். புறங்கையை வைத்துப் பொறுக்க முடியாத சூடு வந்தால் அந்தப் பகுதியை விட்டு நகருங்கள். கதவின் கூர்மையான மடிப்புகளிலும் ஓரங்களிலும் படலம் மெல்லியதாக இருக்கும் என்பதால் அவற்றின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை உரித்துக் கையால் ஒரு தடவை மட்டும் துடைத்து முடியுங்கள். மேட் பெயிண்டை எக்காரணத்துக்கும் பாலிஷ் செய்யக் கூடாது. பளபளப்பாகிவிட்ட இடத்தை மீண்டும் மங்கலாக்க வழியில்லை.

காரைக் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைப் போட்டு, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் ஒட்டுத்துகள்களை எடுத்த பிறகு, பானெட்டில் 45 செ.மீ. சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே மென்மையான பேட்டும் பாலிஷும் முதலில். புதுப் பேட்டின் முகம் முழுவதும் மெல்லிய பூச்சாக பாலிஷைப் பரப்பி, அதன்மேல் மூன்று நான்கு சொட்டு வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் சதுரம் முழுவதும் பரப்பிய பின் ஐந்தாம் எண்ணுக்கு ஏற்றி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதை பாதி மூடும்படி நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை என்று நான்கு சுற்று போங்கள். பிறகு, 10 முதல் 15 விழுக்காடு வரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்துத் துடைத்துவிட்டே முடிவைப் பார்க்க வேண்டும். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும், அது போன பிறகு தெரிவதுதான் உண்மை. எல்.இ.டி. விளக்கைப் பல கோணங்களில் பிடித்துப் பாருங்கள். கீறல் இன்னும் இருந்தால் பேட்டை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள், அதுவும் போதாவிட்டால் மட்டுமே பாலிஷுக்குப் பதிலாகக் காம்பவுண்டை எடுங்கள். கீறல் போய் மெல்லிய மூட்டம் மிஞ்சினால் அது மைக்ரோஃபைபர் பேட்டும் காம்பவுண்டும் விட்டுப்போன தடம். மென்பஞ்சும் நுண்பாலிஷும் கொண்டு, நான்காம் எண்ணில், எந்திரத்தின் எடையைத் தவிர வேறெதுவும் அழுத்தாமல் ஒருமுறை போனால் அது விலகும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைத் தூரிகையாலோ அழுத்தக் காற்றாலோ சுத்தம் செய்யுங்கள். பெயிண்டிலிருந்து எடுத்த துகள் பேட்டில் கட்டியாகச் சேர்ந்தால் அதுவே புதிய கீறலைப் போடும், பேட்டின் தற்சுழற்சியையும் அதுவே தடுக்கும். விரல் நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை இந்த முறையில் முழுவதும் எடுக்க முயலாதீர்கள். அதன் ஓரங்களை மழுங்கடித்து ஒளியில் தெரியாதபடி ஆக்குவதோடு நிறுத்துவதே படலத்துக்குப் பாதுகாப்பு.

இனி சாண்டர். மரவேலை சாண்டர்களின் வீச்சு பெரும்பாலும் 2.4 மி.மீ. அல்லது 5 மி.மீ.; நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 வரை அலையும். 2.4 மி.மீ. சாண்டரின் வேகம் 12,000 அலைவில்கூட நொடிக்கு ஒன்றரை மீட்டரே. 5 மி.மீ. சாண்டர் வேகக் கணக்கில் 8 மி.மீ. பாலிஷரை எட்டிவிடும், ஆனால் அந்தச் சிறு அசைவு முழுவதையும் பஞ்சு பேட் உள்வாங்கிவிடுவதால் பெயிண்டில் மிஞ்சுவது வெப்பமும் அதிர்வும்தான். அதன் கவுண்டர் வெயிட் மெல்லிய சாண்டிங் தாளின் எடைக்குக் கணக்கிடப்பட்டது என்பதால் பேட்டைச் சேர்த்தவுடன் கையும் நடுங்கும். வீச்சைக் கூட்ட வேண்டுமென்றால் விலகிய அச்சையே மாற்ற வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஆங்கிள் கிரைண்டரில் அடாப்டர் வைத்துப் பேட் மாட்டுவதை இதைவிடவும் கடுமையாக மறுக்கிறேன். 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் அந்த எந்திரத்தின் வேகம் பேக்கிங் பிளேட் தாங்கும் அதிகபட்ச வேகத்தை எளிதில் தாண்டிவிடும், பெயிண்டும் நொடிகளில் எரிந்துவிடும். உங்கள் சாண்டருக்குக் காரை மெருகேற்றும் வேலையில் நல்ல பயன் ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடியும் என்றால், சாண்டருக்கும் தாளுக்கும் இடையே வைக்கும் மென்மையான பேட்டின் மீது 3000 கிரிட் ஃபோம் தாளை மாட்டி, நீர் தெளித்து, மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைக் கடைசிக் கட்டத்தில் சீராக்க அது போதும். அதன் பின் அந்தக் கண்ணாடியை 15 மி.மீ. பாலிஷரின் சிறிய பேட்டால் மெருகேற்றி, வெயிலைத் தாங்கும் பூச்சு ஒன்றை உடனே போட்டுவிடுங்கள்.